ஒரு மாற்றத்துக்கு ஒரு ஓட்டம்

அந்தப் பட்டறையில் மூன்று பேருக்கும் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். அண்ணனுக்குப் பெயர் யானை. உடம்பைப் பார்த்து வைத்தது, அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். அவன் தன் தங்கையைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்த கிரேன்காரரில் இருந்து துறையில் அத்தனை பேருக்கும் அவள் தங்கச்சி ஆனாள். அவள் கணவனை யானை ‘மாப்ள’ என்றான். அவன் துறைமுகத்துக்கே மாப்பிள்ளை ஆனான். “ஊருக்கே மாப்பிள்ளைன்னு பேரு, விருந்து வைக்கத்தான் ஒருத்தனும் இல்ல” என்று அவனே சொல்லிக்கொள்வான். அந்தத் துறையில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட முடியாத ஒரே ஆள் அவன்தான். அதனால் ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டான்.

மூவருக்கும் சேர்த்து ஒரு பந்தயப் படகு. முப்பத்தெட்டு அடி நீளம், ஊசி மூக்கு, இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூராகச் சேரும் அடிப்பாகம், பின்னால் இரண்டு இன்ஜின். இடது இருக்கையில் மாப்பிள்ளை, அவன் கையில் ஸ்டியரிங். வலது இருக்கையில் யானை, அவன் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். ஒரு படகை ஓட்ட இரண்டு பேர் எதற்கு என்று யாராவது கேட்டால் யானை அவரை ஒரு தடவை கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவான். திரும்பி வந்தவர் மறுபடி எதுவும் கேட்டதில்லை. அந்த வேகத்தில் படகு ஓடுவதில்லை, அலைக்கு அலை தாவுகிறது. அந்தரத்தில் இருக்கும்போது ப்ரொப்பெல்லருக்குக் கடிக்கத் தண்ணீர் இருக்காது. த்ராட்டிலை இழுத்துப் பிடிக்கவேண்டும். அடி தண்ணீரைத் தொடும் நேரம் பார்த்து மறுபடி கொடுக்கவேண்டும். இழுக்கத் தவறினால் இன்ஜின் போகும். கொடுக்கத் தவறினால் மூக்கு அடுத்த அலைக்குள் இறங்கும், அதன் பிறகு இன்ஜினைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. ஆக, இரண்டு பேருடைய உயிரும் யானையின் உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கையை நம்பித்தான் தங்கச்சி புருஷனைக் கடலுக்கு அனுப்பினாள்.

அவள் வேலை கரையில். கடலுக்குத் தக்கபடி படகைச் சீர்செய்வது. தட்டையான தண்ணீர் என்றால் இன்ஜின்களைப் பின்பலகையில் உயர்த்திக் கட்டுவாள். படகின் வால் பக்கம் கடைசி ஒரு முழம்தான் தண்ணீரைத் தொடும், மற்றதெல்லாம் காற்றில். முரட்டுத் தண்ணீர் என்றால் இன்ஜினை இறக்கி, மூன்று இதழ் ப்ரொப்பெல்லரைக் கழற்றி நான்கு இதழ் மாட்டி, மூக்குப் பக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எழும்பும் மூக்கை அடக்குவாள். வேகம் வேண்டும் என்றால் பிடிமானம் குறையும், பிடிமானம் வேண்டும் என்றால் வேகம் குறையும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று வந்த ஓட்டுநர்கள் பலரை அவள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு மாற்றத்துக்கு ஒரு ஓட்டம். யார் எதைத் தொட்டாலும் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடவேண்டும். துணியைப் பார்த்தவர் “என்ன தொட்ட?” என்று கேட்கவேண்டும். ஓட்டிப் பார்த்து முடிவு தெரிகிறவரை அடுத்தவர் எதிலும் கை வைக்கக்கூடாது. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று ஆண்டவனுக்கும் தெரியாது என்பாள். ஒரு தடவை மாப்பிள்ளை சொல்லாமல் ஒரு நட்டை இறுக்கிவிட்டான் என்பதற்காக நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. யானைதான் நடுவில் புகுந்து, “விடு தங்கச்சி, நட்டுதான, தாலியா கழட்டிட்டான்?” என்று சமாதானம் செய்துவைத்தான்.

பருவத்தின் கடைசிப் பந்தயம் முரட்டுத் தண்ணீருக்குப் பேர் போனது. அதற்காகப் படகைத் தயார் செய்யும்போதுதான் அந்தச் சாய்வு வந்தது.

வேகம் ஏறியதும் படகு இடப்பக்கம் சாய்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சுவரில் மாட்டிய படம் கோணலாகத் தொங்குகிற அளவுக்கு. ஆனால் அந்த வேகத்தில் அது பொறுக்கக்கூடிய விஷயமில்லை. தங்கச்சி முதலில் பின்தகடுகளைப் பார்த்தாள். படகின் பின்னால் இடதும் வலதுமாக இரண்டு இரும்புத் தகடுகள் இருக்கும். எந்தப் பக்கத் தகட்டைக் கீழே இறக்குகிறோமோ அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி மேலே தூக்கும். இரண்டும் சரியாக இருந்தன. ப்ரொப்பெல்லர்களை மாற்றிப் பார்த்தாள். எரிபொருள் தொட்டியைத் திறந்து உள்தடுப்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள். படகைக் கிரேனில் தூக்கி, அடியில் படுத்து, நேர்க்கம்பு வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் துணி கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் விட்டாள். சாய்வு அப்படியே இருந்தது. பேய் பிடித்த படகு என்றார் கிரேன்காரர். பேயாக இருந்தால் பரவாயில்லை, துரத்திவிடலாம்.

விடை தானாக நடந்து வந்தது. ஒரு காலை நேரம், அவள் படகுக்குள் உட்கார்ந்து ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். யானை துறையிலிருந்து படகில் கால் வைத்தான். வழக்கமாக அவன் ஏறினால் படகு ஒரு குனி குனிந்து நிமிரும்; கையில் டீ இருந்தால் கொட்டும். அவன் ஏறினான். அவள் டீ ததும்பக்கூட இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தடித்த ஜாக்கெட்டும் அதற்குள் ஸ்வெட்டரும் போட்டிருந்தான், புழுக்கமான காலையில். கன்னத்தை மறைக்கத் தாடி. மணிக்கட்டில் கடிகாரம் வளையல் போல் புரண்டது. தினமும் பார்க்கிற முகம் என்பதால்தான் பார்க்காமல் விட்டிருக்கிறாள். பாட்டரி, எண்ணெய்த் தொட்டி, தீயணைப்புக் குப்பி எல்லாவற்றையும் படகு வாங்கிய வருடமே அவள் இடப்பக்கம் அடுக்கியிருந்தாள், வலப்பக்கத்து யானைக்கு ஈடாக. அந்தக் கனமெல்லாம் இடப்பக்கம் அப்படியே இருக்கிறது. யானைதான் இல்லை.

“என்ன அப்படிப் பாக்கற?” என்றான்.

“ஒண்ணுமில்லண்ணே. ஸ்பேனர் எங்க வெச்சேன்னு பாத்தேன்.”

ஸ்பேனர் அவள் கையிலேயே இருந்தது.

அன்று மதியம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து அவன் பேண்ட் ஒன்றைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இன்னும் நான்கு பேண்ட் மடித்து வைத்திருந்தது. தங்கச்சி ஒன்றை விரித்து இடுப்பைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி கொஞ்ச நேரம் மிஷினை மிதித்தாள், பிறகு மிதிப்பதை நிறுத்தினாள்.

“உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு” என்றாள்.

“சொல்ல வேணாம். நான் கேக்கறேன், நீங்க தலையாட்டுங்க. வயித்துலயா?”

அண்ணி தலையாட்டினாள்.

“ஆபரேஷன்?”

தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. “காலம் தாழ்ந்து போச்சாம். அடுத்த பருவம் இல்லன்னு அவருக்கே தெரியும். இந்த ஒரு பந்தயம் போயிட்டு வந்துடறேன், அப்புறம் நீ சொல்ற கட்டில்ல படுத்துக்கறேன்னு சொல்றாரு. மாப்ளைக்குத் தெரிஞ்சா ஏத்தமாட்டாருன்னு பயம். அந்த மனுஷன் செத்துப்போறதுக்குப் பயப்படல, தங்கச்சி. இறக்கி விட்டுருவாங்களோன்னு பயப்படறாரு.” சொல்லிவிட்டு அழுதாள். தங்கச்சியும் அழுதாள். அழுது முடித்ததும் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேண்டை எடுத்தாள். அவள் தையல் அந்தத் தெருவிலேயே பெயர் பெற்றது. துணி கிழிந்தாலும் கிழியும், அவள் தையல் பிரியாது என்பார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கச்சி தன் தெருவைத் தாண்டி நடந்துவிட்டாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் கட்டியவன். த்ராட்டில் பிடிக்கும் கை தளர்ந்தால் போவது இரண்டு உயிர். புருஷனிடம் சொல்லவேண்டியது அவள் கடமை. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சொன்னால் அண்ணன் அந்தப் படகில் இனி ஏறமாட்டான், அதிலும் சந்தேகமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் அவள் ஒரு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது வழி என்பது எப்போதும் கோழையின் வழி. அண்ணன் கை தளர்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் கவனிப்போம், தளர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவோம், அதுவரை சாய்வை மட்டும் சரி செய்வோம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வலது இருக்கைக்கு அடியில், பலகையைக் கழற்றி, ஈயக்கட்டிகளை வைத்து இறுக்கினாள். சிவப்புத் துணி கட்டவில்லை. கட்டினால் “என்ன தொட்ட?” என்று கேட்பார்களே. தன் சட்டத்தைத் தானே மீறிய முதல் நாள் அது.

படகு நூல் பிடித்தது போல் ஓடியது. திரும்பி வந்து இறங்கும்போது யானை கேட்டான். “கோளாறைக் கண்டுபிடிச்சிட்ட போல?”

“ம்.”

“என்னவாம்?”

“இடது தகடு லேசா வளைஞ்சிருந்தது. நிமித்திட்டேன்.”

யானை தகட்டையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. “கெட்டிக்காரி” என்று அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். அந்தக் கை முன்பு எவ்வளவு கனமாக இருக்கும்.

கை தளரவில்லை. அதை அவள் சத்தத்திலேயே கேட்டாள். கரையில் நின்று கண்ணை மூடினால் போதும்: எழும்பும்போது இன்ஜின் மூச்சை இழுக்கும், விழும்போது விடும். ஒவ்வொரு அலைக்கும் அண்ணன் கை சரியாகப் பேசியது. உடம்பு கரைந்தாலும் கை மட்டும் கரையாமல் இருக்கிறதே என்று அவள் கும்பிடாத தெய்வமில்லை. லைஃப் ஜாக்கெட் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. அது யானைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. “புதுசு ஒண்ணு வாங்கிடலாம்ணே” என்றாள். “இது ராசியானது” என்று சொல்லி உள்ளே இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான்.

கடைசிப் பயிற்சி ஓட்டம் பந்தயத்துக்கு முந்தின நாள். கடல் நல்ல முரட்டு நிலையில் இருந்தது. படகு போய் வந்தது. போகும்போதே கரையில் நின்ற அவளுக்குத் தெரிந்துவிட்டது: மறுபடி இடப்பக்கச் சாய்வு. அண்ணன் இன்னும் இளைத்துவிட்டான்.

மூவரும் துறையில் நின்றார்கள். வழக்கமாக இந்த நேரத்தில்தான் சண்டை நடக்கும். மாப்பிள்ளை சும்மா இருக்கிற ஆளில்லை. படகின் மேல் ஈ உட்கார்ந்தால்கூட எந்தப் பக்கம் உட்கார்ந்தது என்று சொல்லிவிடுவான்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டாள்.

“நல்லாப் போச்சு” என்றான் மாப்பிள்ளை.

“நல்லாப் போச்சு” என்றான் யானை.

“அப்ப சரி” என்றாள் தங்கச்சி.

இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. மூன்று பேருக்கும் சாய்வு தெரியும். மூன்று பேருக்கும் காரணம் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது என்று மூன்று பேரும் நினைத்தார்கள். ஊமை கண்ட கனவு மாதிரி ஒவ்வொருவரும் தன்னுடையதை மென்று விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ‘நல்லாப் போச்சு’ என்று புருஷன் சொன்னபோதே அவள் சுதாரித்திருக்கவேண்டும். இத்தனை வருட வாழ்க்கையில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

பந்தயத்தன்று விடிந்ததும் அவள் பட்டறைக்கு வந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு முன்பே எழுந்து வந்திருந்தான். படகின் பின்பக்கம் குனிந்து நின்றவன் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து துணியில் கையைத் துடைத்தான்.

“என்ன பண்றீங்க?”

“பாசி ஒட்டியிருந்தது. துடைச்சேன்.”

வேறு நாளாக இருந்தால் அவள் அவனை ஒதுக்கிவிட்டுத் தானே குனிந்து பார்த்திருப்பாள். படகின் பின்பக்கம் அவள் கோயில்; மற்றவர் கை பட்டால் பொறுக்கமாட்டாள். அன்றைக்கு அவள் பையில் ஈயக்கட்டி இருந்தது. அவன் சீக்கிரம் அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. “சரி, போய் டிரஸ் மாத்துங்க” என்று அனுப்பினாள். அவனும் விட்டால் போதும் என்று போனான். அவள் இருக்கைப் பலகையைக் கழற்றி, இருந்த கட்டிகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து இறுக்கினாள். சிவப்புத் துணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு யானை வந்தான். பந்தய உடை, அதன்மேல் ராசியான ஜாக்கெட். பார்க்கப் பழைய பருமன் திரும்பின மாதிரி இருந்தது. துறையின் விளிம்பில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினான், படகில் கால் வைத்தான். படகு குனிந்தது. பழைய நாட்களைப் போல ஒரு குனி குனிந்து நிமிர்ந்தது.

தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தக் கணத்தில் அவளுக்குப் புத்தி வேண்டியிருக்கவில்லை, அண்ணன்தான் வேண்டியிருந்தது. தேறிவிட்டான் என்றே நினைத்தாள். “யானை யானைதான்!” என்று கிரேன்காரர் மேலிருந்து கத்தினார். யானை கையை உயர்த்திக் காட்டினான். “தங்கச்சி, சாயங்காலம் டீயை இறுக்கிப் பிடிச்சுக்கோ” என்றான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது.

காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. பக்கத்துக் காற்றில் இந்த மாதிரிப் படகு காற்று வரும் பக்கமாகச் சாயும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே படகு வலப்பக்கம் சாய்ந்து போனபோது யாரும் திகைக்கவில்லை. கரையில் பைனாகுலரோடு நின்ற தங்கச்சி காற்று என்று நினைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாப்பிள்ளையும் காற்று என்றுதான் நினைத்தான். படகு அருமையாகப் போனது. அலைக்கு அலை இன்ஜின் மூச்சை இழுத்து விட்டது, அண்ணன் கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மற்ற படகுகள் பின்தங்கின.

முதல் மிதவையில் இடப்பக்கம் திரும்பவேண்டும். திரும்பும்போது படகு உள்பக்கமாக, இடப்பக்கமாகச் சாயவேண்டும். அது சாயவில்லை. வெளிப்பக்கமாகவே சாய்ந்து நின்றது. வலது விளிம்பு தண்ணீரில் கொக்கி போட்டது போல் மாட்டிக்கொண்டது. அவள் பைனாகுலரில் படகின் அடிப்பாகத்தை முழுசாகப் பார்த்தாள். நேர்க்கம்பு வைத்துத் தடவிய அதே அடிப்பாகம், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

மீட்புப் படகு முதலில் மாப்பிள்ளையை எடுத்தது. அவன் ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு தோள் உடைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி யானையின் ஜாக்கெட் மிதந்தது. அவர்கள் போய் அதைப் பிடித்துத் தூக்கினார்கள். அது லேசாக வந்துவிட்டது. எல்லாக் கொக்கிகளும் போட்டபடி இருந்தன, உள்ளே ஆள் இல்லை.

முக்குளிப்பவர் அவனை மேலே கொண்டுவர நேரம் பிடித்தது. ஒருவரால் முடியாமல் இன்னொருவரும் இறங்கினார். துறையில் கிடத்தியபோது தங்கச்சி ஓடிப்போய்ப் பக்கத்தில் விழுந்தாள். முக்குளிப்பவர் பந்தய உடையைத் திறந்து காட்டினார். உள்ளே ஸ்வெட்டர் இல்லை. தடித்த துணியில் இறுக்கமாகத் தைத்த ஒரு கைவைக்காத சட்டை. அதில் வரிசையாகப் பைகள், ஒவ்வொரு பையிலும் ஈயம், ஒவ்வொரு பையின் வாயும் தைத்து மூடியிருந்தது. முக்குளிப்பவர் பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஜாக்கெட் மேல இழுத்திருக்கு, இது கீழ இழுத்திருக்கு. அது வேற பெருசு. உருவிக்கிட்டுப் போயிட்டாரு” என்றார். “கடலுக்குப் போறவர் எதுக்கும்மா இதைப் போட்டுக்கிட்டாரு?”

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். படகு குனிந்தபோது அவள் சிரித்தாளே, அதற்கு.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை தோளிலும் மார்பிலும் கட்டோடு படுத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு காரை எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மேஸ்திரி” என்றான். “நான்தான் மச்சானைக் கொன்னேன்.”

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். ஸ்டியரிங் சொல்லிடுச்சு. நேராப் போக நான் வலது பக்கமா இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒருநாள் சரியாச்சு, நேத்து மறுபடி வந்தது. சொன்னா உன் மனசு தாங்காது, அவர் மனசும் தாங்காதுன்னு... காலைல இடது தகட்டை இறக்கி விட்டேன், அந்தப் பக்கம் தூக்கட்டும்னு. பாசின்னு பொய் சொன்னேன். கொஞ்சம்தான் இறக்கினேன். அளவு தப்பிடுச்சு போல. அதிகமா இறக்கிட்டேன்.”

அவன் கணக்கு தப்பவில்லை. நல்ல ஓட்டுநர்; வேண்டிய அளவுதான் இறக்கியிருப்பான். அவளும் வேண்டிய அளவுதான் ஈயம் வைத்தாள். அண்ணனும் தான் இழந்த எடையைத்தான் திரும்பக் கட்டிக்கொண்டான். ஆரம்பத்திலிருந்தே மூவரில் யாராவது ஒருவர் மட்டும் தொட்டிருந்தால் படகு நேராகப் போயிருக்கும். ஒரு சிவப்புத் துணி, ஒரு ‘என்ன தொட்ட?’ போதுமாயிருந்தது.

இப்போது அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், பழி அவனுடையது. இன்னொரு பக்கம், அவள் சொன்னால் அவன் பாரம் பாதியாகும். இத்தனைக்குப் பிறகும் ஒரு கணம் அவளுக்கு யோசனை ஓடியது, மனித மனசு அப்படித்தான். பிறகு சொன்னாள்.

“சீட்டுக்கு அடியில நான் ஈயம் வெச்சேன். நீங்க சரியாச்சுன்னு சொன்ன அன்னிக்கு ஒரு தடவை. இன்னிக்குக் காலைல மறுபடி.”

அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். திட்டுவான் என்று காத்திருந்தாள். “துணி கட்டியிருக்கலாமே” என்றான், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். உடைந்த விலா எலும்போடு அழ முடியாமல் அழுதான்.

வராந்தாவில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் யானையின் கடிகாரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்ததும் அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தச் சட்டையைக் கழட்டிட்டாங்களா?”

“கழட்டிட்டாங்க.”

“நேத்து வந்து கேட்டாரு. எடை குறைஞ்சா படகு கோணலாப் போகுது, மாப்ள கண்டுபிடிச்சிருவான், ஒரு சட்டை தெச்சுக் குடுன்னாரு. ராத்திரி பூரா உக்காந்து தெச்சேன். குலுங்குமே, பை கிழிஞ்சிடக்கூடாதேன்னு ரெட்டைத் தையல் போட்டேன்.” அண்ணி நிமிர்ந்தாள். “தண்ணிக்குள்ள இழுத்த இழுப்புல ஒரு பையாவது பிரிஞ்சுதா, தங்கச்சி? எங்கயாவது தையல் விட்டுதா?”

பிரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அண்ணி இன்றிரவு தூங்கியிருப்பாள். ஆறுதலான ஒரு சின்னப் பொய். தகடு வளைந்திருந்தது என்பது போல, பாசி ஒட்டியிருந்தது என்பது போல, நல்லாப் போச்சு என்பது போல. அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“இல்ல அண்ணி” என்றாள் தங்கச்சி. “ஒண்ணுகூடப் பிரியல.”

அண்ணி மெதுவாகத் தலையாட்டினாள். தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் வந்த சாய்விலிருந்து தொடங்கி, யார் யார் எதை எதைத் தொட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.